கல்லூரியில் நிற்கும் உங்கள் காசு: அமெரிக்கா போகும் மலையகப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குத் தலவாக்கலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு விறாந்தையில் இதே கேள்விதான். "அண்ணே, அங்கே கல்லூரியில் படிக்கக் காசும் கொடுத்து, மிச்சத்தைக் கையிலும் தருவார்களாமே?" கேட்பவர்கள் குடும்பத்தோடு கிறீன் கார்ட் விசாவில் புறப்படும் பிள்ளைகள். தருவார்கள். ஆனால் வரும்போது வரட்டும் என்று பேசாமல் இருந்தால் படிப்புத் தவணையே முடிந்துவிடும். எனக்கு முடியப் பார்த்தது.

முதலில் அது என்ன காசு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபாஃப்சா என்ற இலவசப் படிவத்தை நிரப்பினால், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் கிடைக்கும். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சத் தொகை 7,395 டொலர். கல்லூரி தன் கட்டணத்தை அதில் கழித்துக்கொண்டு, மீதியைப் புத்தகம், வாடகை, பஸ் செலவுக்காக உங்களிடம் கொடுக்கும். அதைத்தான் ரீஃபண்ட் என்கிறார்கள். கடன் எடுத்திருந்தால் அதன் மிச்சமும் இதே வழியில்தான் வரும். அதைப் பின்னர் கட்ட வேண்டும், கிராண்டைக் கட்ட வேண்டியதில்லை. மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்த அரசு உதவி கிடையாது. அவர்களுக்கு வரும் ரீஃபண்ட் பெரும்பாலும் தாங்களே கூடுதலாகக் கட்டிய பணம். நான் கீழே சொல்லும் நாள் கணக்கு அதற்குச் செல்லாது.

நாள் கணக்கு இதுதான். அரசு உதவியால் கல்லூரியில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் மீதி விழுந்தால், விழுந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கல்லூரி அதைத் தர வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே விழுந்திருந்தால், வகுப்பின் முதல் நாளிலிருந்து 14 நாட்கள். இது சட்டவிதி, யாருடைய தயவும் இல்லை. ஆனால் மீதி 'விழுந்த' நாள் என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். கத்தியதுதான் மிச்சம்.

நான் கத்தவில்லை. அதைவிட மோசமாக, பணிந்து நின்றேன். முதல் தவணையில் ஏழாவது வாரமாகியும் காசு வரவில்லை. தோட்டத்து ஆபீஸ் வாசலில் கிளாக்கர் ஐயா நிமிர்ந்து பார்க்கும்வரை அப்பா நிற்பாரே, அப்படியே போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் மாணவர் எண்ணைக் கேட்டாள். நான் வாடகை பாக்கியில் தொடங்கி அம்மாவின் முழங்கால் வலி வரை சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரிசீலனையில் இருக்கிறது" என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இப்படி மூன்று தடவை.

நான்காம் தடவை, கூடப் படித்த எத்தியோப்பியப் பெண் ஒருத்தி துணைக்கு வந்தாள். அவள் கேட்டது இரண்டே கேள்வி. "இவருடைய கணக்கில் மீதி எந்தத் தேதியில் விழுந்தது? பணம் எந்தத் தேதியில், எந்த முகவரிக்குப் போனது?" கண்ணாடிக்குப் பின்னால் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு திரை எங்கள் பக்கம் திரும்பியது. காசோலை என்றோ அனுப்பப்பட்டு, என்றோ திரும்பியும் வந்திருந்தது. முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் இருந்தன. வீட்டு எண் இல்லை.

அது என் பிழைதான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவனுக்குக் கதவு எண் எதற்கு? பெயர், மேற்பிரிவு, தோட்டம், தலவாக்கலை என்று எழுதினால் போதும். கடிதம் ஆபீசுக்கு வரும், யாராவது வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கே ஒரே கட்டடத்தில் இருபத்து நான்கு கதவுகள்; என்னை எவருக்கும் தெரியாது. திரும்பி வந்ததைச் சொல்லி எனக்கு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தார்கள், கல்லூரி தந்த முகவரிக்கு. நான் அதைத் திறந்ததே இல்லை. நீங்கள் தினமும் திறந்து பாருங்கள். காசோலையே வேண்டாம், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இந்த வங்கியில்தான் கணக்குத் திறக்க வேண்டும் என்று கல்லூரி கட்டாயப்படுத்த முடியாது. மாற்றாமல் கிடக்கும் காசோலையின் பணம் 240 நாட்களுக்குள் அரசுக்கே திரும்பிப் போய்விடும்.

எங்கே போய்க் கேட்பது என்பதிலும் பலர் அலைகிறார்கள். மீதி விழுந்த பிறகு காசு வராவிட்டால் மாணவர் கணக்கு அலுவலகம். மீதியே விழவில்லை என்றால் நிதியுதவி அலுவலகம், அங்கே "எந்தப் பத்திரம் குறைகிறது, என் கணக்கில் என்ன தடை இருக்கிறது?" என்று கேளுங்கள். பாடப் பதிவில் கோளாறு என்றால் பதிவாளர். இணையவழி வகுப்பில் முதல் வாரம் உள்ளே நுழையாமல் விட்டால், வரவில்லை என்று ஆசிரியர் குறித்துவிடுவார். உதவித்தொகை அங்கேயே நின்றுபோகும். இன்னொன்று, சேரும் நாளில் நீட்டும் தாள்களில் மீதியைக் கல்லூரியே வைத்திருக்கச் சம்மதிக்கும் தாளும் இருக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டாலும் எழுத்தில் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

வாயால் கேட்டதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் போடுங்கள். மாணவர் எண், மீதி விழுந்த தேதி, 14 நாட்கள் கடந்துவிட்டன என்ற ஒரு வரி, எந்தத் தேதிக்குள் வரும் என்ற கேள்வி. குடும்பக் கதை வேண்டாம். பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நிதியுதவி இயக்குநருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் மாணவர் உதவி இணையதளத்திலேயே முறைப்பாடு செய்யலாம்.

இங்கிருந்து புறப்படும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று அடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். ஃபாஃப்சாவில் எழுதும் பெயரும் பிறந்த தேதியும் அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். குடிவரவுப் பதிவோடும் சரிபார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் பத்திரம் கேட்பார்கள், அதுவரை காசு நகராது. ஆகவே பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசியும் முடித்து வையுங்கள். ஹட்டனில் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை, அங்கே போனபின் அரை வருடம் இழுக்கும்.

காசு வந்ததும் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். தவணையில் 60 சதவீதம் முடியும் முன் எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டால், உதவியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். அப்போது 14 நாட்கள் விதியைச் சொல்லித் தப்ப முடியாது.