சீலர் விஷயத்துல நாம கோட்டை விடுற இடங்கள்

பல் டாக்டருங்க நாம ரூட் கேனால் (பல்லு வேர்க்குழாய் சிகிச்சை) பண்ணும்போது ஃபைலிங் (குழாய ராவுறது), இர்ரிகேஷன் (மருந்து விட்டுக் கழுவுறது) எல்லாம் பாத்துப் பாத்துப் பண்ணிட்டு கடைசில சீலர் கலக்குற வேலைய மட்டும் அசிஸ்டன்ட் தலைல கட்டிட்டு போன் பாக்கப் போயிடுறோம், அங்கதான் ஏழரை ஆரம்பிக்குது.

முதல்ல சீலர் எதுக்குன்னே நிறைய பேருக்குத் தெளிவா இல்ல. கட்டப் பெர்ச்சா (கேனால்ல ரொப்புற ரப்பர் மாதிரி குச்சி) பல்லு சுவத்துல தானா ஒட்டாது, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்க அடைக்கத்தான் சீலர். இட்லித் தட்டுல எண்ணெய் தடவுற அளவுதான் வேணும், ஐஎஸ்ஓ 6876 தரமே ஃபிலிம் 50 மைக்ரானைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. நாம என்ன பண்றோம், அகலமான கேனால்ல ஒல்லியா ஒரே ஒரு கட்டப் பெர்ச்சா கோன வச்சுட்டு மிச்சம் பூராவும் பேஸ்ட்ட ரொப்பிடுறோம். எக்ஸ்ரேல வெள்ளையா அழகாத்தான் தெரியும், ஆனா ஜிங்க் ஆக்சைடு யூஜினால் (பவுடரையும் கிராம்பு எண்ணெய்ல இருக்குற யூஜினாலையும் கலக்குறது) மாதிரி சீலர் நாளாக நாளாக கரையும், கரைஞ்ச இடம் கிருமிக்கு வாடகை இல்லாத வீடு. பயோசெராமிக்ல (கால்சியம் சிலிக்கேட் சீலர்) சிங்கிள் கோன் பண்றது வேற கதை, அது சுருங்குறது ரொம்பக் கம்மி. அதுக்காக கோன் லூசா இருக்கலாம்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது பதம். ஜிங்க் ஆக்சைடு யூஜினால்ல இதுதான் எல்லாமே. பவுடர ஒரேயடியா கொட்டாம கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நல்லா தேய்ச்சுக் கலக்கணும், அப்புறம் ஸ்பேட்டுலாவ கிளாஸ் ஸ்லாப்ல வச்சு மெதுவா தூக்கிப் பாருங்க, பாகு மாதிரி ஒரு இன்ச் வரைக்கும் நூலா வரணும், அதுக்கு முன்னாடியே அறுந்தா கெட்டி, சொட்டு சொட்டா வடிஞ்சா தண்ணி. ஹவுஸ் சர்ஜன்சில நான் சீக்கிரம் முடிக்கணும்னு தண்ணியா கலக்கி லென்டுலோல (சீலர கேனாலுக்குள்ள ஏத்துற சுழலும் சுருள் கம்பி) ஏத்திட்டேன், எக்ஸ்ரேல வேர் நுனிக்கு வெளில குட்டியா ஒரு வெள்ளை மேகம், அந்தப் பேஷன்ட் ரெண்டு நாள் வலியில தூங்கல. தண்ணியா இருந்தா யூஜினால் மிச்சம் இருக்கும், அது வேர் நுனித் திசுவப் போட்டு எரிக்கும். இன்னொண்ணு, ஸ்லாப்ப ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே கலக்காதீங்க, நம்ம ஊர் புழுக்கத்துல உடனே மேல வேர்த்துடும், அந்த ஈரம் பட்டா சீலர் கையிலயே இறுகிடும்.

லென்டுலோ வொர்க்கிங் லென்த்துக்கு (வேர் நுனிப் பக்கம் வரைக்கும் அளந்து வச்ச நீளம்) 2, 3 மிமீ முன்னாடியே நிக்கணும், ரிவர்ஸ்ல ஓடினா சுவத்துல மாட்டி முறியும். அவ்வளவுதான்.

ஏஎச் பிளஸ் மாதிரி எபாக்சி ரெசின்ல பதம் பிரச்சனை கம்மி, ரெண்டு பேஸ்ட்டும் சம அளவு எடுத்தா போதும். ஆனா அவசரத்துல ஒரு ட்யூப் மூடிய இன்னொரு ட்யூப்ல மாட்டிடுவோம் பாருங்க, அதோட ட்யூப் வாயிலயே கல்லாயிடும். கேனால் நல்லா காஞ்சிருக்கணும், பேப்பர் பாயின்ட் (ஈரம் உறிஞ்சுற காகிதக் குச்சி) ஈரமில்லாம வெளில வரணும்.

பயோசெராமிக்ல இதே பழக்கம் கெடுதல். கால்சியம் சிலிக்கேட் சீலர் இறுகவே ஈரம் வேணும், ரெடிமேடா சிரிஞ்சுல வர்றது அந்த ஈரத்த பல்லுக்குள்ள இருந்துதான் எடுத்துக்கும். ஸ்பிரிட் விட்டு எலும்பு மாதிரி காய வச்சா அது எங்க போய் இறுகும்? அதுக்காக தண்ணி தேங்கி நிக்கவும் கூடாது, சும்மா ஒத்தி எடுத்தா போதும். சிரிஞ்சு மூடிய உடனே போட்டுடுங்க, காத்துல இருக்குற ஈரமே அதுக்கு போதும். ஒரு தடவ இறுகிட்டா திரும்ப எடுக்குறது பெரிய தலைவலி, சால்வன்ட் எதுக்கும் அசையாது, அதனால மாஸ்டர் கோன் (கேனால் அளவுக்குப் பாத்து வைக்கிற முக்கிய கட்டப் பெர்ச்சா) முழு நீளத்துக்கும் போயிருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

பாராஃபார்மால்டிஹைடு கலந்த பேஸ்ட் (என்2, அதாவது சார்ஜென்டி பேஸ்ட் வகையறா) இன்னும் யாராவது வச்சிருந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போடுங்க. கீழ்க் கடைவாய்ப்பல்லு வேர் நுனிக்குக் கீழதான் நரம்பு ஓடுது, இது அங்க கசிஞ்சா உதடு மரத்து அப்படியே நின்னுடலாம். அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் எண்டோடான்டிஸ்ட்ஸே இத யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லுது. எந்த சீலரா இருந்தாலும் ஊசி மரப்பு போற நேரம் தாண்டியும் உதடு மரத்தே இருந்தா நாளைக்குப் பாப்போம்னு விடாதீங்க, அன்னைக்கே ஸ்கேன் எடுத்து சர்ஜன்கிட்ட அனுப்புங்க.

மெட்டாபெக்ஸ் (கால்சியம் ஹைட்ராக்சைடு பேஸ்ட்) குழந்தைங்க பால்பல்லுக்கு சரி, வேரோட சேர்ந்து அதுவும் கரையும். அதையே பெரியவங்க பல்லுல நிரந்தரமா ரொப்பிட்டு கிரவுன் போடுறாங்க! அது இறுகவே இறுகாது, கொஞ்ச நாள்ல உள்ள காலி.

கடைசியா பல்லு மேல் பகுதில மிஞ்சுற சீலர். யூஜினால் மிச்சம் இருந்தா மேல போடுற காம்போசிட் (பல்லு கலர் ஃபில்லிங்) சரியா இறுகாது. முன்பல்லுல கறையும் ஏறும், பழைய ஏஎச் 26ல இருந்த சில்வரால பல்லு சாம்பல் கலருக்குப் போறத பாத்திருப்பீங்க. கட்டப் பெர்ச்சாவ ஈறு மட்டத்துலயே விட்டுடாம பல்லு கழுத்துக்கு கீழ 1, 2 மிமீ உள்ள தள்ளி வெட்டிட்டு, ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சால நாலஞ்சு தடவ துடைங்க, பஞ்சு வெள்ளையா வெளில வர்ற வரைக்கும்.