மலையகச் செம்மண்ணில் உலோகக் கசிவை மறிக்கும் களிப்படை

சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டப்படும் கற்பொடியில் பைரைற் போன்ற கந்தகக் கனியங்கள் இருந்தால், காற்றும் மழையும் பட்டு அவை சல்பூரிக்கமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலநீர் செம்பு, நாகம், ஈயம், கட்மியம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு சரிவில் இறங்கும். மலையகத்தில் பெரிய உலோகச் சுரங்கங்கள் இல்லை. ஆயினும் கேகாலைப் பக்கத்துப் பென்சிற்கரி நரம்புகளோடு பைரைற் சேர்ந்து வருவதுண்டு. குவியலுக்குக் கீழே ஒரு லயமும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) அதற்கொரு பீலியும் (ஊற்றுநீர் விழும் குழாய்) இருக்குமானால், குவியல் சிறியதென்று அலட்சியமாக இருக்க முடியாது.

குவியலுக்கு அடியில் போடும் களிப்படைக்கு இரண்டு வேலைகள் உண்டு: தண்ணீரைத் தாமதப்படுத்துவது, தாமதப்பட்ட தண்ணீரிலிருந்து உலோகத்தைப் பிடித்துவைப்பது. பலரும் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள். பொதுவாகக் கேட்கப்படும் தரத்தின்படி, மேலே தண்ணீர் தேங்கி அழுத்தாதபோது நீர் ஊடுபுகும் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கை மீறக்கூடாது. அந்தத் தரத்தில் 90 சென்ரிமீற்றர் தடிப்பாகப் படை போட்டு, அதன்மேல் 30 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 42 மில்லிமீற்றர் நீர் கீழே இறங்கும். ஒரு ஹெக்டேயருக்கு அது 420,000 லீற்றர். எதனோடும் ஒட்டாத கரைசல் அப்படையை எட்டு, ஒன்பது ஆண்டுகளில் கடந்துவிடும். ஆனால் பத்து லீற்றர் நீரில் உள்ள அளவு உலோகத்தை ஒரு கிலோ களி தன்னிடம் வைத்துக்கொள்ளுமானால், அந்த உலோகம் அதே படையைக் கடக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டாவது வேலையே பெரிது.

நம்முடைய செம்மண் தடுமாறுவதும் அங்கேதான். அதிலுள்ள களி பெரும்பாலும் கயோலினைற். நேர்மின்னேற்றமுள்ள உலோகங்களைப் பிடிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு, மண்ணின் இயல்பான புளிப்பு அதை இன்னும் குறைத்துவிடுகிறது. ஆசனிக் இதற்கு விதிவிலக்கு: செம்மண்ணின் இரும்பு ஒட்சைட்டுகள் அமிலநிலையில் அதை நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆசனிக் உள்ள இடத்தில் அமிலத்தை முறிக்கும் டொலமைற் என்ற சுண்ணக்கல் வகையைக் கூட்டினால் பிடிப்பு தளரலாம், பொசுபேற்றைக் கூட்டினால் ஆசனிக் இடம்பெயரும். எனவே கசிவுநீரில் எந்த உலோகம் இருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் அறியாமல் எதையும் கலக்கக்கூடாது.

ஈயமும் கட்மியமும் செம்பும்தான் பிரச்சினை என்றால், படையை இரண்டாகப் பிரித்துப் போடுவதே என் பரிந்துரை. கீழ்ப்படையில் செம்மண்ணோடு, நீர்பட்டு வீங்கும் களியான பெந்தனைற்றை 5 முதல் 10 சதவீதம் சேர்க்க வேண்டும். 90 சென்ரிமீற்றர் தடிப்புக்கு 5 சதவீதம் என்றாலே சதுர மீற்றருக்கு எழுபது கிலோவுக்கு மேல் தேவைப்படும் என்பதால், செலவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மன்னார்ப் பக்கத்து முருங்கனின் கருங்களியிலும், பெந்தனைற்றில் உள்ள அதே வீங்கும் கனியமான மொன்மொரிலோனைற் உண்டு. ஏற்றுக்கூலி கட்டுமானால் அதையும் சோதித்துப் பார்க்கலாம். அதன்மேல் 30 சென்ரிமீற்றர் செம்மண்ணில் டொலமைற் பொடியையும், ஈயம் இருந்தால் எப்பாவல ரொக் பொசுபேற்றையும் கலந்து பரப்ப வேண்டும். இரண்டும் தேயிலைத் தோட்டங்களுக்குப் பழக்கமான பொருள்கள். டொலமைற் அமிலத்தை முறிக்கும், பொசுபேற் ஈயத்தை எளிதில் கரையாத கனியமாக மாற்றும். டொலமைற்றைக் கல்லாகப் போட்டால் இரும்புத் துரு அதன்மேல் செம்மஞ்சள் ஓடாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும், பொடியாகவே வேண்டும். அதைப் பெந்தனைற்றோடு நேரே கலக்காதிருப்பதற்கும் காரணம் உண்டு: கல்சியம் ஏறினால் சோடியம் பெந்தனைற்றின் வீக்கம் குறைந்து, நீர் புகும் வழி அகலும். மேற்படையிலிருந்து ஓரளவு கல்சியம் எப்படியும் இறங்கும். அதனால் ஊடுபுகு சோதனையைக் குழாய்த் தண்ணீரில் செய்து திருப்தியடையாமல், மேற்படைக் கலவையூடாக வடித்த உண்மையான கசிவுநீரிலேயே செய்ய வேண்டும்.

மண் போடும் வேலையை மேற்குச் சரிவில் தை, மாசி வெயிலில் வைத்துக்கொள்வது நல்லது. அதிக அடர்த்தி தரும் ஈரப்பதனைவிட 2 முதல் 4 சதவீதம் கூடுதலாக ஈரமாக்கி, இறுக்கிய பின் 15 சென்ரிமீற்றர் நிற்கும்படி அடுக்கடுக்காக, குமிழ் வைத்த ரோலரால் மிதிக்க வேண்டும். கையில் எடுத்த மண்ணை உள்ளங்கையில் உருட்டினால், 3 மில்லிமீற்றர் திரியாகும்வரை உதிராமல் வர வேண்டும். ஒரு கட்டியை மண்வெட்டியால் பிளந்து பாருங்கள்: வெளியே கறுத்து ஈரமாகவும் உள்ளே வெளிறிக் காய்ந்தும் இருந்தால், தெளித்த தண்ணீர் உள்ளே போகவில்லை, மூடிவைத்து மறுநாள் மிதியுங்கள். அடுத்த அடுக்குக்கு முன் கீழடுக்கின் முகத்தைக் கீறிவிடாவிட்டால், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் பக்கவாட்டில் ஓடும். வேலை நிற்கும் இரவுகளில் தார்ப்பாய் போடாமல் விட்டால், காலை வெயிலில் களி வெடித்துவிடும்.

சரிவு மூன்றுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருந்தால் ரோலர் ஏறி நன்றாக மிதிக்காது, படையும் வழுக்கும்; மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெறாமல் இத்தகைய இடத்தில் தொடங்கக்கூடாது. குவியலுக்கு மேலே கான் வெட்டி மழைநீரைத் திருப்புவதும், களிக்கு மேல் சரளைப் படையும் துளைக்குழாயும் வைத்து நீரை வடிப்பதும் களியைவிட மலிவு. மேலே மூன்று மீற்றர் தண்ணீர் தேங்கினால் அதே படையில் கசிவு மூன்று மடங்குக்கு மேலாகும்.

முடிந்தபின் குவியலுக்கு மேலேயும் கீழேயும் உள்ள ஊற்றுகளில் மாதந்தோறும் நீர் எடுத்து, பீஎச் பெறுமானம், மின்கடத்துதிறன், சல்பேற் மூன்றையும் பார்க்க வேண்டும். சல்பேற்றைக் களி பெரிதாகப் பிடிக்காததால் அதுவே முதலில் வெளியே வரும். கீழ் ஊற்றில் மட்டும் அது கூடிக்கொண்டே போனால், உலோகம் வரும்வரை காத்திராமல் அந்தப் பீலிக்கு மாற்றுத் தண்ணீர் ஏற்பாடு செய்துவிட்டு, வடிகாலையும் மேற்படையையும் தோண்டிப் பாருங்கள்.