வீட்டு அடுப்பில் இனிப்பும் காரமும் சேர்ந்த பன்றிக்கறி நூடுல்ஸ்

வேலூரில் பொழுது சாய்ந்தபின் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஏதாவது ஒரு ஃபாஸ்ட்ஃபுட் வண்டியின் கரண்டிச் சத்தம் காதில் விழும். அந்த அடுப்பின் தீ வாணலியின் விளிம்பைத் தாண்டி எழும்பும். நம் வீட்டு கேஸ் அடுப்பின் தீயோ வாணலியின் அடியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கடையில் உதிரியாக வரும் நூடுல்ஸ் வீட்டில் கொழகொழவென்று ஆகிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தீயைக் கூட்ட முடியாத நாம் ஈரத்தைத்தான் குறைக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த ஒரு நோக்கத்தோடு படித்தால், எதை ஏன் செய்கிறோம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட, எலும்பில்லாத பன்றிக்கறி கால் கிலோ, 150 கிராம் ஹக்கா நூடுல்ஸ், பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, குடைமிளகாய் பாதி, மெலிதாக நறுக்கிய முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, வெங்காயத்தாள் நான்கைந்து, பூண்டு எட்டுப் பல், ஒரு விரலளவு இஞ்சி ஆகியவை போதும். இவற்றுடன் சோயா சாஸ், வினிகர், சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), மிளகுத்தூள், வெல்லம், காய்ந்த மிளகாய், கடலை எண்ணெய் ஆகியவையும் கையருகே இருக்க வேண்டும். காய்கள் நேதாஜி மார்க்கெட்டிலேயே கிடைத்துவிடும். கறிக்கு, 'வெண்பன்றி இறைச்சி' என்று பலகை வைத்திருக்கும் கடைக்குப் போக வேண்டும். நம் பக்கம் தோலும் கொழுப்புமாகவே வெட்டிக் கொடுப்பது வழக்கமாதலால், தோலை நீக்கித் தொடை அல்லது முதுகுப் பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். அடிவயிற்றுக் கறி சுவையானதுதான் என்றாலும், அது மெதுவாக வேக வேண்டிய கறி. மூன்று நிமிட வதக்கலுக்கு ஒத்துவராது.

கறியைக் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றியெடுத்து, முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். அரைகுறையாக இறுகிய கறியைத்தான் புதியவர்களாலும் மெலிதாக நறுக்க முடியும். கறியில் ஓடும் நார்களின் போக்கைப் பார்த்து, அவற்றுக்குக் குறுக்காகக் கத்தியை வைத்து, பத்துப் பைசா நாணயத்தின் தடிமனுக்கு நறுக்க வேண்டும். நாரின் போக்கிலேயே நறுக்கினால் எவ்வளவு வேகவைத்தாலும் கறி ரப்பராக இழுக்கும். நறுக்கிய துண்டுகளுடன் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி சோளமாவு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசறி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சோளமாவு கறியின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்து, சாறு வெளியேறாமல் காக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஊறும் கறியைச் சமையல் மேடையில் விட்டுவைப்பது கூடவே கூடாது.

கறி ஊறும் நேரத்தில் சாஸைத் தயாரித்துவிடலாம். நீட்டு மிளகாய் ஆறு, நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய் நான்கு எடுத்து, காம்பும் பாதி விதையும் நீக்கி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, நான்கு பல் பூண்டுடனும் ஒரு தேக்கரண்டி வினிகருடனும் விழுதாக அரையுங்கள். கடையில் விற்கும் சில்லி சாஸை விட எனக்கு இதுவே பிடிக்கும். காரம் எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும். இனிப்புக்குச் சர்க்கரையை விட வெல்லம் மேல். சுற்றிலும் கரும்பு விளையும் மாவட்டத்தில் நல்ல உருண்டை வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. எலுமிச்சையளவு வெல்லத்தைத் தட்டி, மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். முதல் தடவை நான் வடிகட்டாமல் ஊற்றியதில், வாய்க்கு வாய் மண் நறநறத்தது. வடிகட்டிய பாகுடன் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் கலந்து வையுங்கள். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால், இப்போது உப்புப் போட வேண்டாம்.

நூடுல்ஸை நிறையக் கொதிநீரில் பாக்கெட்டில் போட்டிருப்பதை விட ஒரு நிமிடம் குறைவாக வேகவைத்து, வடித்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி, அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். கால் மணி நேரம் காற்றாட இருந்தால் மேல் ஈரம் வற்றிவிடும். அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி இது. நூடுல்ஸ் உதிரியாக வருவது இதைச் சார்ந்தே இருக்கிறது.

இனி அடுப்பைப் பற்றவைக்கலாம். இரும்பு வாணலியைப் பெரிய பர்னரில் ஏற்றி, லேசாகப் புகை கிளம்பும்வரை காயவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கறியை இரண்டு பங்காக்கி, முதல் பங்கைப் பரப்பிப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 'சொர்ர்' என்று சீறும் சத்தம் நீடித்தால் கறி வறுபடுகிறது. சத்தம் அடங்கிக் 'களகள'வென்று மாறினால், வாணலி சூடிழந்து, கறி தன் நீரிலேயே வேகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படியானால் பாதித் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி சூடேற விடுங்கள். ஓரங்கள் பழுப்பேறியபின் திருப்பிப் போட்டு, மேலும் இரண்டு நிமிடம் வதக்கி எடுத்து, அடுத்த பங்கையும் அவ்வாறே செய்யுங்கள்.

இருப்பதிலேயே தடித்த துண்டு ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே துளியும் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வளரக்கூடும். மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வருவதற்கும் பன்றிக்கறியே நேர்க்காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்நோய் அப்புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் போவதால் வருவது. கழிவு கலந்த நீரும் சரியாகக் கழுவாத காய்களும் அதற்கு வழியாகின்றன. ஆகவே பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் அது வரலாம். கறியை வேகவைப்பதில் காட்டும் கவனத்தை முட்டைக்கோஸையும் வெங்காயத்தாளையும் கழுவுவதிலும் காட்டுங்கள். கறி நறுக்கிய பலகையில் காயை நறுக்காதீர்கள்.

அதே வாணலியில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, நசுக்கிய இஞ்சியையும் மீதிப் பூண்டையும் பத்து விநாடி புரட்டி, வெங்காயம், கேரட், குடைமிளகாய், முட்டைக்கோஸ் என்ற வரிசையில் போட்டு, நறுக்கென்று இருக்கும்போதே ஓரமாக ஒதுக்குங்கள். நடுவில் மிளகாய் விழுதைப் போட்டு, பச்சை வாசம் போய் எண்ணெய் பிரியும்வரை வதக்கியபின், நூடுல்ஸையும் கறியையும் சேருங்கள். வெல்லக் கலவையை நூடுல்ஸின் தலையில் கொட்டாமல், வாணலியின் ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் அது நுரைத்துச் சுண்டி, லேசான கருகல் மணத்தோடு உள்ளே இறங்கும். வெல்லம் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால், இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் புரட்டி, ஒன்றரை நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும். வெங்காயத்தாளோடு, வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலையையும் தூவினால், ஆரணி, போளூர்ப் பக்கத்துக் கடலைக்கு இதிலும் ஓர் இடம் கிடைக்கும்.

தட்டில் போட்ட கையோடு, வாணலி ஆறுவதற்குள் வெந்நீர் ஊற்றி வையுங்கள். வெல்லப் பாகு இறுகிவிட்டால் சுரண்டியெடுக்க அரை நாள் ஆகும்.