ஆங்கிலத்தின் வழியே ஜெர்மன் பாட்டுக்குள் நுழைபவர்கள் செய்யும் தவறுகள்

1984-ல் நேனா என்ற ஜெர்மன் குழுவின் பலூன் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. அங்கே ஏறியது ஜெர்மன் வடிவம். அதே ஆண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது ஆங்கில வடிவம். மெட்டு ஒன்றுதான், சொல்வது ஒன்றல்ல. ஜெர்மன் வரிகளில் 99 போர் அமைச்சர்கள் தீக்குச்சியும் பெட்ரோல் கேனுமாக நிற்கிறார்கள், கொழுத்த வேட்டை சிக்கியது என்று மோப்பம் பிடித்துப் போர் என்று கூவுகிறார்கள், அதிகாரம் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அதே அமைச்சர்கள் கூடிக் கவலைப்பட்டுப் பரபரக்கிறார்கள், அவசரமாகப் படையை அழைக்கிறார்கள், அவ்வளவுதான். '99 சிவப்பு பலூன்கள்' என்ற ஆங்கிலத் தலைப்பில் வரும் சிவப்பு நிறம்கூட ஜெர்மனில் கிடையாது. 'லுஃப்ட்பலோன்' என்ற சொல்லுக்கு மூன்று அசை, ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டே அசை. குறைந்த அசையை அந்தச் சிவப்பு நிரப்புகிறது.

ஆங்கிலப் பாட்டு கேட்டுப் பழகியவர்கள் ஜெர்மன் பக்கம் வரும்போது பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலச் சந்தை எதைத் தேர்ந்தெடுத்து, எப்படி மாற்றித் தந்ததோ அதையே ஜெர்மன் இசை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலப் பதிப்பை மூலமாகக் கொள்வது

ட்யூசல்டோர்ஃப் நகரத்தின் கிராஃப்ட்வெர்க் குழு 1978-ன் மனித எந்திர ஆல்பத்தையும் 1981-ன் கணினி உலக ஆல்பத்தையும் இரண்டு மொழிகளிலும் பாடி வெளியிட்டது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் குழுவின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஆங்கிலப் பதிப்பு முன்னே வந்து நிற்கும். ஜெர்மன் தலைப்பையே தட்டுங்கள்: 'டீ மென்ஷ் மஷீனெ', 'கம்ப்யூட்டர்வெல்ட்'. இரண்டாவதன் தலைப்புப் பாட்டில் ஒரு வித்தியாசம் உண்டு. இன்டர்போலும் டாய்ச்செ வங்கியும் எஃப்பிஐயும் ஸ்காட்லாந்து யார்டும் இரண்டு மொழியிலும் வருகின்றன. ஜெர்மனில் மட்டும் கூடுதலாக ஃப்ளென்ஸ்புர்கும் பேகாஆவும் வந்து, நம் தரவெல்லாம் அவர்களிடம் இருக்கிறது என்று வரி முடியும். ஃப்ளென்ஸ்புர்க் என்பது வாகன ஓட்டிகளின் விதிமீறல் புள்ளிகளைப் பதிந்து வைக்கும் அலுவலகம் உள்ள ஊர். பேகாஆ என்பது மத்தியக் குற்றவியல் காவல் துறை. ஜெர்மானியனுக்கு அந்த வரியில் வயிற்றைக் கலக்குவது அவனுடைய சொந்த நாட்டு அலுவலகம்தான். ஆங்கிலப் பதிப்பில் அந்தப் பயமே இல்லை.

ஜெர்மன் குழு என்றால் ஜெர்மன் பாட்டு என்று நினைப்பது

ஹனோவரின் ஸ்கார்ப்பியன்ஸ், மாடர்ன் டாக்கிங், ஆல்ஃபாவில், போனி எம் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது ஆங்கிலத்தில் பாடித்தான். பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'க்ரௌட்ராக்' என்று பெயரிட்டுப் புகழ்ந்த கொலோன் நகரத்துக் கான் குழுவில் முதல் பாடகர் மால்கம் மூனி அமெரிக்கர், அடுத்து வந்த டாமோ சுசுகி ஜப்பானியர். டாஞ்சரின் ட்ரீம் இசையில் பெரும்பாலும் பாட்டே இருக்காது. இவையெல்லாம் அருமையான இசை, கேட்க வேண்டியவை. ஆனால் ஜெர்மன் மொழி பாட்டில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு இவற்றில் விடை கிடைக்காது. மாறாக, ஜெர்மனில் பாடிப் புகழ்பெற்ற ஃபால்கோ ஜெர்மனியைச் சேர்ந்தவர் அல்ல, வியன்னாக்காரர். உடோ யூர்கன்ஸும் ஆஸ்திரியர், 1966-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றது ஆஸ்திரியாவுக்காகத்தான். நாட்டை விட்டுவிட்டு மொழியை வைத்துத் தேடினால் ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் தானாக உள்ளே வந்துவிடும்.

ராம்ஷ்டைனோடு நிறுத்திக்கொள்வது, அவர்களையும் தவறாகக் கேட்பது

ஜெர்மன் கரடுமுரடான மொழி என்ற எண்ணத்துக்கு ராம்ஷ்டைன் என்ற இந்த ராக் குழுவே சாட்சி என்பார்கள். பாடகர் டில் லிண்டமான் உருட்டும் ரகரம் மேடைக்கான பாணி. அன்றாட ஜெர்மனில் ரகரம் தொண்டையில் மெல்ல உரசும், சொல்லின் கடைசியில் வந்தால் கிட்டத்தட்ட 'அ'வாகக் கரைந்துவிடும். கிதாரோடு பாடும் ரைன்ஹார்ட் மாய் போன்ற லீடர்மாகர்களை, அதாவது தாமே எழுதித் தாமே பாடுபவர்களை, பத்து நிமிடம் கேட்டால் போதும், அந்த எண்ணம் போய்விடும்.

1997-ல் வந்த 'டு ஹாஸ்ட்' பாட்டைப் பார்ப்போம். 'டு ஹாஸ்ட்' என்றால் 'உன்னிடம் இருக்கிறது'. ஒரு எஸ் கூடுதலாகப் போட்டு எழுதினால் 'நீ வெறுக்கிறாய்'. காதுக்கு இரண்டும் ஒன்றே. அடுத்து 'மிஷ்' சேர்கிறது: என்னை வைத்திருக்கிறாயா, வெறுக்கிறாயா? இன்னும் தெரியாது. கடைசியில் 'கெஃப்ராக்ட்' என்ற சொல் வந்து விழும்போதுதான் வாக்கியம் நிமிர்கிறது: 'நீ என்னைக் கேட்டாய்'. கேட்டது திருமண உறுதிமொழி. பதில், 'இல்லை'. குழுவே பாடிய ஆங்கில வடிவம் 'வெறுக்கிறாய்' என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த நொடியில் பாட்டின் பொறி செத்துப்போகிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும், காத்திருக்க எதுவுமில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானது. வினைமுற்று வரும்வரை நம் வாக்கியமும் முடிவதில்லை. அதனால்தான் ஜெர்மன் பாட்டை ஆங்கிலத்தில் நினைத்துப் பார்ப்பதைவிடத் தமிழில் நினைத்துப் பார்ப்பது பல இடங்களில் எளிது. 'டு', 'சீ' இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் முடித்துவிடும்; நமக்கு நீ, நீங்கள் இருக்கின்றன. ஒரு காதல் பாட்டு நீங்கள் என்று தொடங்கி நீ என்று மாறினால் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது கண்ணில் படவே படாது. 'டோஹ்', 'மால்', 'ஹால்ட்' போன்ற சின்னச் சொற்களும் அப்படித்தான். 'கொம்' என்றால் வா. 'கொம் டோஹ் மால்' என்றால் வாயேன். அந்த 'ஏன்' எவ்வளவு பேசுகிறது என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இதைத்தான் முதலில் கழற்றி எறிகிறார்கள்.

வரி வரியாக மொழிபெயர்ப்பியில் போடுவது

இது மிகப் பரவலான தவறு. ஜெர்மனில் பல வினைச்சொற்கள் இரண்டாகப் பிரியும்; ஒரு பாதி வாக்கியத்தின் தொடக்கத்திலும் மறுபாதி கடைசியிலும் நிற்கும். பாட்டில் அந்தக் கடைசி அடுத்த வரிக்குப் போய்விடும். 'பிரிங்ட்' என்றால் கொண்டுவருகிறான். வாக்கியக் கடைசியில் 'உம்' வந்தால் கொல்லுகிறான். 'ஹ்யோரெ' என்றால் கேட்கிறேன், கடைசியில் 'ஔஃப்' சேர்ந்தால் நிறுத்துகிறேன். 'கேபெ' என்றால் தருகிறேன், 'ஔஃப்' சேர்ந்தால் கைவிடுகிறேன். முதல் வரியை மட்டும் மொழிபெயர்ப்பியில் போட்டால் கொலைப் பாட்டு பூங்கொத்துப் பாட்டாகத் தெரியும்.

பாட்டு வரிகளில் நிறுத்தக்குறி இருக்காது என்பதால் வாக்கியம் எங்கே முடிகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஒருமுறை வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். அடுத்து ஜெர்மன் வரிகளைக் கண்ணில் வைத்துக்கொண்டு கேளுங்கள், மொழிபெயர்ப்பைத் திறக்காமல். பிறகு வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். தனித்து நிற்கும் 'அன்', 'ஔஃப்', 'ஔஸ்', 'உம்', 'ட்சூ' போன்ற குட்டிச் சொல் கண்ணில் பட்டால் அது எந்த வினையின் மறுபாதி என்று பாருங்கள். முழு வாக்கியமாகச் சேர்த்த பிறகே மொழிபெயர்ப்பியிடம் போங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு என்று இப்படிச் செய்தால் போதும். நூறு பாட்டு கொண்ட பட்டியலைப் பின்னணியில் ஓடவிடுவதைவிட இது வெகு தூரம் கொண்டுபோகும்.

ஆங்கிலம் தெரிந்தவர்களை ஏமாற்றும் சொற்கள் தனி. 'கிஃப்ட்' என்பது விஷம். 'பால்ட்' என்றால் விரைவில், 'ஃபாஸ்ட்' என்றால் ஏறக்குறைய, 'ஹெல்' என்றால் வெளிச்சமான, 'நோட்' என்றால் இக்கட்டு. 'வில்' என்பது எதிர்காலம் அல்ல, விருப்பம்: 'இஷ் வில்' என்றால் எனக்கு வேண்டும். எழுத்து வரிசையிலும் ஒரு கண்ணி உண்டு. ஐ-ஈ என்று எழுதினால் 'ஈ' ஒலி, ஈ-ஐ என்று எழுதினால் 'ஐ' ஒலி. 'லீட்' என்றால் பாட்டு. அந்த இரண்டு எழுத்தும் இடம் மாறினால் 'லைட்', அதாவது துயரம். தேடலில் இதை மாற்றித் தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று திரும்பியவர்கள் ஏராளம்.

இரண்டு புள்ளிகளை அலங்காரம் என்று நினைப்பது

மோட்டர்ஹெட் போன்ற ஆங்கில ராக் குழுக்கள் பெயரின்மேல் புள்ளி வைத்தது வெறும் தோரணைக்கு. ஜெர்மனில் அது எழுத்தையே மாற்றும். 'ஷோன்' என்றால் ஏற்கெனவே. ஓவின் மேல் புள்ளி வைத்தால் அழகு. விசைப்பலகையில் புள்ளி இல்லையென்றால் ஏ, ஓ, யூ எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு ஈ சேர்த்துத் தேடுங்கள். பி போலத் தெரியும் எழுத்துக்கு இரண்டு எஸ். குழுப் பெயரின் முன்னால் வரும் 'டீ' வெறும் சுட்டுச்சொல். ஆங்கிலத்தில் அதே எழுத்துகளுக்கு இருக்கும் சாவுப் பொருள் இங்கே இல்லை. 'டீ டோடன் ஹோசன்' என்ற பங்க் குழுவின் பெயரைச் செத்த கால்சட்டைகள் என்று எழுதிச் சிரிப்பவர்கள் உண்டு. 'செத்த கால்சட்டை' என்பது ஜெர்மன் பேச்சில் ஒன்றுமே நடக்காத, சப்பென்ற நிலைமை.

ஒரே ஜெர்மன் என்று நம்புவது

செயலியில் ஆறு மாதம் ஜெர்மன் படித்தவர் பெர்ன் நகரத்து மானி மாட்டரைக் கேட்டால் ஒரு சொல் பிடிபடாது. அது படிப்பின் குறையல்ல. 1972-ல் இறந்த அந்தப் பாடகர் பாடியது பெர்ன் வட்டார மொழி. 1971-ல் வொல்ஃப்காங் அம்ப்ரோஸ் பாடியது வியன்னாப் பேச்சு. கொலோன் நகரத்தின் 'பாப்' (BAP) என்ற பெயருடைய ராக் குழு 1981-ல் பெரும் வெற்றி கண்டது கொல்ஷ் என்னும் நகரப் பேச்சில். செய்தித்தாள் தமிழ் மட்டும் தெரிந்தவர் நாகர்கோவில் பேச்சுக்குள் போய் நிற்பது போலத்தான். தானியங்கி வசன வரிகள் இங்கே முழுதாகத் தடுமாறும், நம்பாதீர்கள். 'இல்லை' என்று பொருள்படும் 'நிஷ்ட்' வரவேண்டிய இடத்தில் 'நெட்', 'நிட்' என்று வந்தால் வட்டார மொழி என்று அறியலாம். எழுத்துமுறை நிலைப்படாதது, ஒரே பாட்டின் வரிகள் இரண்டு தளத்தில் இரண்டு விதமாக இருக்கும். பொது ஜெர்மன் மொழிபெயர்ப்போடு சேர்ந்த வரிகளைத் தேடுவதே வழி.

கிழக்கை மறப்பது

பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கமும் பாட்டு இருந்தது. 1980-ல் பீட்டர் மஃபாய் பாடி மேற்கில் புகழ்பெற்ற ஏழு பாலங்களின் பாட்டு, கிழக்கு ஜெர்மனியின் காராட் குழு 1978-ல் பாடியது. நினா ஹாகனை ஆங்கில உலகம் பங்க் பாடகியாக அறியும். 1974-ல், கிழக்கு பெர்லினில் இருந்தபோது, அவர் பாடியது கலர் ஃபிலிமை எடுத்துவர மறந்த காதலனைத் திட்டும் துள்ளல் பாட்டு. ஹிடன்சே தீவுக் கடற்கரை, கோபம், சிரிப்பு. கேட்டவர்கள் அதில் தங்கள் நாட்டின் சாம்பல் நிறத்தையும் கேட்டார்கள். தணிக்கை இருந்த நாட்டில் சொல்லாமல் சொல்வதுதான் வரியின் வேலை. 2021 டிசம்பரில் பதவியை விட்டுச் சென்ற ஜெர்மன் சான்சலர் அங்கெலா மெர்கல் தம் பிரிவுபசார ராணுவ இசைக்கு இதையும் தேர்ந்தெடுத்தபோது வெளிநாட்டினர் வியந்தார்கள், கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ராப் இசையைக் கடைசியில் வைப்பதும் நஷ்டம். ஹைடல்பெர்கின் அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி குழு 1992-ல், சொந்த நாட்டிலேயே அந்நியனாக நடத்தப்படுவதை ஜெர்மன் பாஸ்போர்ட்டை முன்வைத்துப் பாடியது. ஓஃபன்பாகின் ராப்பர் ஹாஃப்ட்பெஃபேல் பரப்பிய 'பாபோ' (தலைவன்) என்ற சொல் 2013-ல் இளைஞர் சொல்லாகத் தேர்வானது. அகராதியில் தேடினால் கிடைக்காத துருக்கி, குர்து, அரபு, ரோமானிச் சொற்கள் அவர் வரிகளில் நிறைய. அங்கே அகராதியை மூடிவிட்டு வரிக்குறிப்புகளைத் திறக்க வேண்டும்.

செவ்வியல் பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்பது

ஷூபர்ட் 1827-ல் வில்ஹெல்ம் ம்யூலரின் கவிதைகளுக்கு இசையமைத்த 'வின்டர்ரைசெ' 24 பாட்டுகள் கொண்ட ஒரே பயணம். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் வசதி இருந்தால் அதையும். ஒரே பாட்டு இரு பதிவுகளில் இரு சுருதியில் கேட்டால் குழம்ப வேண்டாம். குரலுக்கு ஏற்ப இறக்கிப் பாடுவது வழக்கம். முழுதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் முதல் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். காதலியின் வீட்டை இரவில் விட்டுப் போகிறவன், சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசையில் நடந்துகொண்டே பாடுகிறான். கடைசிச் சரணத்தில் இசை திடீரென்று வெளிச்சமான மேஜருக்கு மாறுகிறது. அந்த இடத்தில் வரும் முதல் சொல் 'வில்'. வேண்டும் என்பது அதன் பொருள். வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது, அதுவரை காத்திருந்தால்: உன் கனவில் உன்னைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை.