டென்மார்க்கில் சிபிஆர் எண்: முகவரிச் சிக்கலைத் தீர்த்த விதம்

டென்மார்க்கில் பொறியியல் படிக்கப் பரிமாற்ற மாணவராகச் செல்வோர், வாடகையைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த முகவரியில் தம் பெயரைப் பதிவுசெய்ய உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள லிங்பியில் எனக்கு அறை தந்தவர் முன்பணம் வாங்கிய பிறகு அதற்கு மறுத்துவிட்டார். முகவரிப் பதிவு இல்லையேல் டென்மார்க்கில் வசிப்போருக்குத் தரப்படும் பத்து இலக்கத் தனிநபர் அடையாள எண்ணான சிபிஆர் எண் இல்லை, அந்த எண் இல்லாமல் குடும்ப மருத்துவரும் வங்கிக் கணக்கும் எளிதில் அமையா. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் உதவியால் மாணவர் விடுதிக்கு மாறி, புதிய ஒப்பந்தம், கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி ஆகியவற்றைக் காட்டி நகராட்சியில் பதிந்தேன். அஞ்சல் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் மஞ்சள் நிற மருத்துவ அட்டை திரும்பிப் போய்விடக்கூடும் என்பதால், அன்றே பெயரை அச்சிட்டு ஒட்டினேன். மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த அட்டையிலேயே இருக்கும்.