'படபடப்பு' என்று ஓ.பி.க்கு வருபவரை எப்படிப் பார்ப்பது

"நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது. கேஸா இருக்குமோ டாக்டர்?" பதற்ற நோய் பெரும்பாலும் இப்படித்தான் ஓ.பி.க்கு வருகிறது. "பயமா இருக்கு" என்று சொல்பவர் குறைவு. கையில் நாலு ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு எண்டோஸ்கோபி, எல்லாம் நார்மல். அந்தத் தடித்த ஃபைலே ஓர் அறிகுறிதான்.

அதற்காக உடல் காரணத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பல்ஸ், பிபி, ஹீமோகுளோபின், சர்க்கரை, டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தச் சோதனை) பாருங்கள். நெஞ்சுவலி புதிதாக வந்திருந்தால் ஈசிஜி கட்டாயம். ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால், அளவு மீறிய தைராக்ஸின் (தைராய்டு மாத்திரை), காபி, குடியை நிறுத்திய மறுநாள் நடுக்கம் எல்லாமே இதே முகத்தோடு வரும்.

பிறகு இரண்டு கேள்வி: கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தீர்கள்? எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியவில்லை? ஒவ்வொன்றுக்கும் 0 (ஒருநாளும் இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை மதிப்பெண். கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால், பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்விப் பட்டியலான ஜிஏடி-7 முழுவதும் கேளுங்கள். 21க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரித்து நோயை உறுதி செய்ய வேண்டும். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாத அளவு உற்சாகம் வந்ததா என்பதையும் நேராகவே கேளுங்கள்.

"ஒண்ணுமில்ல, போங்க" என்றால் அவர் அடுத்த டாக்டரிடம் போவார். "இதயம் நல்லா இருக்கு. உடம்போட அலாரம்தான் காரணமில்லாம அடிக்குது, அதுக்கு மருந்து இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

பதற்றத்துக்கான மருந்து எஸ்சிட்டலோபிராம்: தினமும் 5 மி.கி. ஒரு வாரம், பிறகு 10. முதல் இரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவார். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வாரத்திலேயே திரும்ப வரச் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை தினமும் போடுபவருக்கு, இதோடு சேரும்போது ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

அமைதிப்படுத்தும் மாத்திரையான அல்ப்ரஸோலம் சீக்கிரம் கேட்கும், சிக்கலே அதுதான்; பழக்கமாகிவிடும். கொடுத்தே தீர வேண்டுமென்றால் 2 வாரத்துக்கு மட்டும், நிறுத்தும் தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு வேண்டாம்.

மூச்சுப் பயிற்சியை வாயால் சொல்லாமல் செய்து காட்டுங்கள். வயிற்றில் கை வைத்து, 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். 5 நிமிடம், இரு வேளை.

தற்கொலை எண்ணம், கர்ப்பம், இரண்டு மருந்து மாற்றிக் கொடுத்தும் கேட்காத நிலை என்றால் மாவட்ட மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எல்லாருடைய சீட்டிலும் எழுதலாம். 24 மணி நேரமும் இலவசம்.