காய்ச்சலுக்குப் பின் விறாந்தையில் பறவைகளோடு

டெங்குக் காய்ச்சல் தணிந்த பிறகும் உடல் அசதி சில வாரங்கள் நீடிக்கலாம். வன்னியின் மாரி காலத்தில் அப்படி ஓய்வெடுப்பவருக்கு, செவ்வரத்தையைப் பார்த்தபடி விறாந்தையில் ஒரு சாய்வு நாற்காலி போட்டுக் கொடுங்கள். தேன்சிட்டு தானாகவே வரும். மாமரத்தடிச் சருகுகளை முழுவதும் கூட்டி அள்ளாதீர்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து மாரிக்கு இங்கு வரும் ஆறுமணிக்குருவி, சருகைக் கிளறித்தான் புழு பூச்சி தேடுகிறது. விடியலிலும் மாலையிலும் அதன் சீழ்க்கை கேட்கும். என்ன அழகான நிறங்கள் அதற்கு!

மழை விட்ட நாட்களில் மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். ஆனால் நாள்தோறும் தண்ணீரைக் கொட்டி, சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டைகள் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.